நீங்க போட்ட படத்துல இருக்கறது கைத்தறி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை மகளிர் இணைப்புல தீபாவளித் துணி பத்தின கட்டுரைய படிச்சேன். "கைத்தறி கட்டுப்படியாகாது, அந்தக் காசுக்கு அஞ்சு டாப்ஸ் எடுத்துட்டு சீசன் முடிஞ்சதும் மாத்திக்கலாம்"னு ஒரு வரி. அதைப் படிச்சப்புறம் மத்தியானம் எனக்கு சோறு எறங்கலைங்க.

நான் சென்னிமலைக்காரி. அப்பா தறிக்குழியில எறங்கினா அம்மா ராட்டைல நூலைத் தார் சுத்துவாங்க, நானும் பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி பாவு பிணைக்க ஒக்காருவேன். என் கல்யாணத்துக்கு அப்பா தறில நெய்ஞ்சு குடுத்த பெட்ஷீட் 1996லருந்து இன்னைக்கும் கட்டில்ல கெடக்குது, ஓரம் பிஞ்சப்ப மடிச்சுத் தச்சேன், அவ்வளவுதான். எம்பொண்ணு 350 ரூபாய்க்கு வாங்கின டாப்ஸ் நாலு தொவையல்ல கக்கத்துல தையல் விட்டுருச்சு. சரி கரித்துணிக்காவது ஆகும்னு பாத்தா பாலியஸ்டர், தண்ணியவே உறிஞ்ச மாட்டேங்குது. இதுல எதுங்க கட்டுப்படி?

என்னைக் கட்டிக்குடுத்தது ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். அந்த அணை வரலாறு உங்களுக்குத் தெரியாததில்ல. பாசனத்துக்குன்னு 1992ல கட்டினாங்க, நொய்யல் ஆத்துல வந்து நின்னது திருப்பூர் சாயத்தண்ணி. எங்க கிணத்துத் தண்ணில சோப்பு நுரைக்காது, எளநி வெட்டுனா உப்புக் கரிக்கும், மாமனார் வெச்ச தென்னை ஒவ்வொண்ணா கொண்டை காஞ்சு நின்னுது. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பின்னாடிதான் நாடு திரும்பிப் பாத்துச்சு. மலிவா வாங்கறவங்க குடுக்காத காசை எங்க தோட்டம் குடுத்துச்சுங்க.

எங்க அக்கா மக பனியன் கம்பெனில டெய்லர். ஷிப்மென்ட் நேரம் வந்தா ஒன்றரை ஷிப்டு பாத்துட்டு ராத்திரி கால் வீங்கி வருவா. 2013ல வங்கதேசத்து டாக்கா பக்கத்துல ராணா பிளாசாங்கற துணிக் கம்பெனிக் கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்க, அன்னைக்கு டிவி முன்னாடி அவ வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

கைத்தறிக்குன்னு 1985லயே சட்டம் போட்டு, இப்ப 11 ரகத்தைக் கைத்தறில மட்டுந்தான் நெய்யணும்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. ஆனா விசைத்தறில ஓட்டின பெட்ஷீட்டையே கைத்தறின்னு சொல்லி எங்கூர்க் கடையிலயே எங்கிட்டயே வித்தாங்க. நெசவுக்காரன் மகளுக்கே இந்த நெலமைன்னா டவுன்ல இருக்கறவங்க எப்படிங்க கண்டுபிடிப்பாங்க? உங்க பேப்பர் சொன்னாத்தானே தெரியும்? ஆகஸ்ட் 7 கைத்தறி நாளுக்கு இதையெல்லாம் எழுதி ஒரு கடிதம் போட்டேன், அது வரவேயில்ல. 22 வருசமா உங்க பேப்பர்தான் எங்க வீட்டுல, அந்த உரிமைல கேக்கறேன்.

வருசம் பூரா துணியே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. ரெண்டு எடுத்தாலும் உழைக்கற துணியா எடுங்க, பிஞ்சா தச்சுப் போடுங்க, கோ-ஆப்டெக்ஸ் இருக்கு, நெசவாளர் சொசைட்டி இருக்கு. அந்தக் கட்டுரைல இதுல ஒரு வார்த்தை இல்ல.

ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க. அந்தக் கட்டுரைல "கைத்தறி நெசவு"ன்னு போட்ட படத்துல மோட்டாரும் பெல்ட்டும் நல்லாவே தெரியுது. அது விசைத்தறி. அடுத்த ஞாயிறு ரெண்டு வரில திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு நெசவாளி மகள்,
சென்னிமலை