வெளிநாட்டு உதவித்தொகையும் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், "பிள்ளை வெளிநாட்டில் செலவில்லாமல் படிக்க வழி உண்டா, சார்?" என்று கேட்டுப் பெற்றோர் சிலராவது என் வீட்டுக்கு வருகிறார்கள். வழி உண்டு, ஆனால் முடிவு வரும்வரை காத்திருந்தவர்களுக்கு அதில் பாதி அடைபட்டிருக்கும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகிய கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராமல் தேர்வு செய்து, அவருடைய குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. அங்கே வழக்கமான விண்ணப்பக் காலம் ஜனவரித் தொடக்கத்தில் முடிகிறது. நம் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதுவதோ மார்ச்சில். ஆகவே அந்த நிறுவனங்கள் முடிவெடுக்கும்போது அவற்றின் கையில் முக்கியமாக இருப்பவை ஒன்பதாம் வகுப்பு முதலான பள்ளி மதிப்பெண்கள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மாணவர் எழுதும் கட்டுரைகள் ஆகியவை.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை நம் பிள்ளைகளுக்கு இன்னும் பொருத்தமானது என்பது என் கருத்து. தூதரகம் வழியாக விண்ணப்பித்து, ஆங்கிலம், கணிதம், ஜப்பானிய மொழி ஆகியவற்றோடு அறிவியல் பிரிவினர் வேதியியலும், இயற்பியல் அல்லது உயிரியலும் எழுத வேண்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வானவருக்குக் கல்விக் கட்டணமும் விமானச் செலவும் இல்லை. மாதம் 117,000 யென் கையில் கிடைக்கும். அடுத்த ஏப்ரலில்தான் புறப்பட முடியும் என்பதால் "ஒரு வருடம் வீணாகுமே" என்று தயங்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

முழு உதவித்தொகை என்ற பேச்சை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஹங்கேரி அரசின் உதவித்தொகையில் கல்விக் கட்டணம் இல்லையென்றாலும், இளநிலை மாணவருக்கு மாதம் தருவது 43,700 ஃபோரின்ட், அதாவது பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்தான். விமானச் செலவும் நம்முடையது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் ஆய்வுப் படிப்புக்கும் உரியது; பள்ளி முடித்தவருக்கு உதவாது.

இனி நான் எழுத வந்த விஷயம். சில ஆண்டுகளுக்கு முன், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளுக்காக ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் சான்று கேட்டு ஒரு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். "ஒன்பதாவதுக்கு யார் சார் சான்று கேட்கிறார்கள்?" என்றார் எழுத்தர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்த பதிவேட்டில், அந்தப் பெண்ணின் வரிசையில் சமூக அறிவியல் கட்டம் மட்டும் செல்லரித்திருந்தது. கூட்டுத்தொகையிலிருந்து மற்றவற்றைக் கழித்து அந்த எண்ணைக் கண்டுபிடித்தோம். பிறகு பெயர்ச் சிக்கல்: பதிவேட்டில் தந்தை பெயருக்கு ஒற்றை முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர், விண்ணப்பத்திலோ குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம். எல்லாம் சரியாகிக் கடைசி நாளுக்கு முந்தைய இரவு விண்ணப்பம் போயிற்று. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பதிவேடுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுரையைத் திருத்தியிருக்க வேண்டிய இரண்டு வாரங்கள் அதில் கரைந்தன.

2025–26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டதால், இனி அந்த மதிப்பெண்ணுக்கும் பள்ளிப் பதிவேடே ஆதாரம். பள்ளிக் கல்வித் துறை இந்த மதிப்பெண்களை, மாணவர் விவரங்களைத் தொகுத்து வைக்கும் தன் எமிஸ் இணையதளத்தில் ஏற்றி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான சான்றை ஆங்கிலத்தில் ஒரே படிவமாக அச்சிட்டுத் தரும் வசதியைச் செய்ய வேண்டும். அக்டோபருக்குள் தலைமையாசிரியர் கையெழுத்தோடு அது மாணவர் கைக்கு வர வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் பற்றி என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'நடத்தை நன்று' என்ற நன்னடத்தைச் சான்றின் ஒற்றை வரி வெளிநாட்டு விண்ணப்பங்களில் செல்லாது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆய்வகத்தில் பழுதாகிக் கிடந்த, இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை ஆராயும் சோனோமீட்டருக்கு அந்தப் பெண் சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டிப் பார்த்ததை எழுத வேண்டும் என்று எனக்கு மூன்றாவது வரைவில்தான் தோன்றியது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.