காம்போசிட்டா தடியா என்று கேட்ட மகளுக்கு

தக்கலை

மக்களே,

உன் வீட்டை ஒட்டி வெளியே இருக்கிற பலகைத் தளத்தை, அந்த டெக்கை, மாற்றுவதற்கு நீ அனுப்பிய இரண்டு கொட்டேஷனும் போட்டோக்களும் கிடைத்தன. காம்போசிட் என்கிற பிளாஸ்டிக் கலந்த பலகையா, நாம் தடி என்று சொல்கிற மரமா, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. அம்மைக்கு முட்டுவலி பழையபடிதான்.

அறுப்பு மில்லில் கணக்கெழுதிய ஆளிடம் கேட்டால் தடி என்றுதான் சொல்வான் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை அப்படி எடுத்த எடுப்பில் சொல்லமாட்டேன். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார், 1750-ல் கட்டிய உப்பரிகை மாளிகை இன்றும் நிற்கிறது என்று நானே எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அங்கே தடிக்கு மேலே சரிந்த ஓட்டுக்கூரை இருக்கிறது. உன் டெக்குக்கு மேலே வானம்தான். வெயிலும் மழையும் நேராக விழுகிற தடிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நம் கடற்கரையில் அயினி மரத்து வள்ளங்களுக்கு அந்தக் காலத்தில் அண்டி எண்ணெய், அதுதான் முந்திரித் தோட்டு எண்ணெய், தேய்த்தது சும்மா இல்லை.

உங்கள் டெக் மெர்பாவ், நல்ல வைரமுள்ள தடி. முதல் மழையில் அது சிவப்புச் சாயம் கக்கி சிமென்ட் தரையைக் கறையாக்கியது என்று அப்போது புலம்பினாய். மாப்பிள்ளை முட்டிபோட்டுத் தேய்த்துக் கழுவியதை வீடியோவில் காட்டினாய். கோடைக்கு முன்னால் எண்ணெய் போடுவதும் அவர்தான். இப்போதைய போட்டோவில் பலகை முழுக்கச் சாம்பல் நிறம். எண்ணெய் பட்டு வருஷம் ஒன்றாவது தாண்டியிருக்கும். அவருக்கு வேலை அதிகமாக இருந்திருக்கும், சரி.

அந்தச் சாம்பல் மேல்தோலோடு போகிற காரியம், உளுத்ததில்லை. உப்புத்தாள் மிஷின் ஓட்டினால் உள்ளே பழைய சிவப்பு இருக்கும். காம்போசிட்டில் அது நடக்காது. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அழுத்தி எடுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட பலகை அது. ஆழமாகக் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். எண்ணெய் வேண்டாம் என்பது உண்மை. கழுவவே வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அதன் மேலும் பாசி பிடிக்கும்.

எதைப் போட்டாலும் முதலில் அடியைப் பார். இரண்டு பேரும் மேல் பலகையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். காம்போசிட் போட்டாலும் கீழே தாங்கப்போவது அதே பழைய பைன் சட்டம்தானே. நாலைந்து பலகையைக் கழற்றச் சொல்லி, ஸ்க்ரூ இறங்கிய இடங்களில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். வீட்டுச் சுவரோடு சேர்கிற சட்டத்தை மறக்காதே. மெத்தென்று இறங்கினால் கணக்கே வேறு. அப்புறம், காம்போசிட் தடியைவிட அதிகமாகத் தொய்யும், அதனால் சட்டங்கள் நெருக்கமாக வேண்டும். 450 மில்லிமீட்டர் இடைவெளியில் அடித்த பழைய சட்டம் என்றால், கம்பெனி 400 கேட்கிறதா என்று பார்த்துக்கொள். இல்லாவிட்டால் வாரண்டி என்று கொடுக்கிற காகிதத்துக்கு மதிப்பில்லை.

சூடும் ஒரு விஷயம். அங்கே கோடையில் 40 டிகிரி தாண்டுகிற நாட்கள் உண்டு. கறுப்பு, கரும்பழுப்பு காம்போசிட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. குட்டி செருப்புப் போடுகிறவனா? இளநிறமாக எடு. வெயிலில் அது நீளவாக்கில் விரியும், பலகை முனைகளில் சொன்ன இடைவெளி விடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்.

ஜிஎஸ்டி சேர்த்தா, பழைய பலகையை யார் அள்ளிப்போவது என்றெல்லாம் நீயே எழுதிக் கேட்டிருக்கிறாய். எங்கள் மில் முதலாளிகூட இவ்வளவு நறுக்காகக் கேட்கமாட்டார். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணாமல் வருகிற பிள்ளை நீ. அம்மையிடம் காட்டிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஓணத்துக்கு நீ கூப்பிடவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். பெரிய காரியமில்லை, இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம்.

பழைய டெக் ஆறு மீட்டர் நீளம். இரண்டு கொட்டேஷனிலும் மூன்று என்று இருக்கிறது. இரண்டு கம்பெனியும் ஒரே அளவு போட்டால் அது நீ கொடுத்த அளவுதான். செலவைக் குறைக்கவா? பணம் என்றால் சொல், சீட்டு தை மாதம் முடிகிறது. மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று எழுதவில்லையே. தடி வேலையில் அவர் கை நல்ல கை, அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்கிறாய்.

“பார்த்துக்க ஆள் இல்லைப்பா, அதான் காம்போசிட்” என்று கடைசியில் போட்டிருந்தாய். அந்த வரியை அம்மைக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. சுங்கான்கடைச் சித்தி வந்து உங்கள் இரண்டு பேரையும் விசாரித்தாள். சுகமாக இருக்கிறார்கள் என்றேன்.

சட்டம் நன்றாக இருந்தால் தேய்த்து எண்ணெய் போடு, புதிய டெக்குக்கு ஆகிற செலவில் சின்னப் பங்குதான் ஆகும். ஒருவேளை இனி எல்லாம் நீயே பார்க்கவேண்டியது என்றால், காம்போசிட் போட்டுவிடு. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, கோடைக்குக் கோடை நீ முட்டிபோட்டுத் தேய்க்கவேண்டாம். எப்படியானாலும் அடியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மை குமாரகோவிலுக்குப் போவாள். ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை வீட்டில் நான் மட்டும்தான். அங்கே உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். கூப்பிடு.

அப்பா