வாத்தியார் வீடியோ பற்றி

குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெருக்கூத்துக் குழுவின் வாத்தியார் திரௌபதி வேஷத்தில் பாடும்போது குரல் உடைந்த 20 விநாடியை மட்டும் வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து யாரோ போட்டிருக்கிறார்கள். நம்ம ஆட்களே மூணு பேர் அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டதுதான் எனக்கு வலிக்கிறது.

அது துகில் கூத்து, திரௌபதியின் சேலையை உரியும் கதை. விடியற்காலை நாலரை மணி இருக்கும். ராத்திரி 10 மணிக்குக் களரி கட்டி, மேளதாளத்தோடு கூத்தைத் தொடங்கினதிலிருந்து வாத்தியார் உட்காரவே இல்லை. வேஷக்காரர் பாடுவதைப் பின்னாலிருந்து வாங்கிப் பாடும் பின்பாட்டுக்கு ஆள் வராததால் திரைக்குப் பின்னாலும் அவரேதான் பாடினார். முகவீணை என்ற சின்னக் குழலின் உச்ச சுருதிக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பாடிப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். குரல் போனதும் தாளக்காரரைப் பார்த்துக் கை காட்டி, அதே அடியை மறுபடி எடுத்து முழுசாகப் பாடி முடித்தார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதை வீடியோவில் வெட்டிவிட்டார்கள்.

"பொம்பள வேஷம் கட்ற ஆளு" என்று கீழே ஒரு கமெண்ட். கூத்தில் பெண் வேஷத்தை ஆண்கள் கட்டுவது வழிவழியாக வருவது. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்கு இந்தக் கூத்துதான் தூண்டுகோல்.

பகிர்ந்தவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள். போட்டது யாரென்று தெரிந்தால் சண்டைக்குப் போகாமல் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். வாத்தியாரிடம் யாரும் இதைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமையும் அவர்தான் திரௌபதி. வேன் சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பும். பின்பாட்டுக்கு இரண்டு பேர் கட்டாயம் வரணும்.