உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் இந்தக் கடிதம் வருகிறது. கீழ் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலத்தைப் பற்றியது. அதன் கடைப் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அதுவே விளம்பரம் ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும்.

பார்க்க டீ பேக்கை விரல் நகம் அளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். புகை கிடையாது, துப்பவும் தேவையில்லை, புதினா வாசம் வேறு. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். நமக்குத் தெரியாமல் போவது அதனால்தான். 2019இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 100க்கு 8.5 பேர் ஏதாவது ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். புகையில்லாப் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 10 வயது முடிவதற்குள் தொடங்கியவர்கள். "என் பையன் சின்னப் பையன்" என்று சொல்லி இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

துவைக்கப் போடும் கால்சட்டைப் பையிலும் ஜாமெட்ரி பாக்ஸிலும் பழுப்புக் கறை படிந்த குட்டித் தாள் பை இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் கீழ் உதட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். வழக்கமாக ஒதுக்கும் இடத்தில் தோல் வெளுத்து, சுருங்கி, ஈறு கீழே இறங்கியிருக்கும். காரம் பட்டால் எரிகிறது என்று ரசத்தைக்கூட ஒதுக்குகிறானா? மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் வாய்க்குள் போகும் அளவுக்கு வாய் திறக்கிறதா? திறக்கவில்லை என்றால், அல்லது வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம். அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள்.

கண்டுபிடித்த அன்று இரவே அடிப்பதும், அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பதும் பிள்ளையை மறைக்கப் பழக்கிவிடும். இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: "என் தலையில் அடித்துச் சத்தியம் செய்" என்று கேட்காதீர்கள். சத்தியம் செய்யும்போது பிள்ளை உண்மையாகத்தான் செய்கிறான். ஆனால் புகையிலையில் இருக்கும் போதைப்பொருளான நிக்கோட்டின் சத்தியத்துக்குக் கட்டுப்படாது. வாயின் உள்தோல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போன பொருள் அது. நிறுத்திய சில மணி நேரத்தில் உடம்பு அதைக் கேட்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் எரிச்சல், படபடப்பு, பசி, தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் உச்சத்துக்குப் போகும். பிறகு மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். அந்த மூன்றாம் நாளில் அவன் தடுக்கி விழுந்தால், அம்மா தலையில் அடித்த சத்தியத்தை மீறிவிட்டோமே என்று பயந்து ஒளிப்பான். அதன் பிறகு அவனுக்கு உதவ நமக்கு வழியே இருக்காது.

ஐயப்பனுக்கு மாலை போட்டதும் பல வருஷப் பீடியையும் குடியையும் ஒரே நாளில் நிறுத்துகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்தி அதில் பெரிய பலம். அதோடு சேர்ந்து எழுந்திருக்கும் நேரம் மாறுகிறது, உடை மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, கூடும் ஆட்கள் மாறுகிறார்கள். பழைய கூட்டாளியே "சாமி" என்று கூப்பிட்டு ஒதுங்கி நிற்கிறார். மாலையைக் கழற்றிய பிறகு பழைய நேரமும் பழைய கடையும் பழைய கூட்டமும் திரும்பி வர, பலருக்குப் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. பழக்கம் என்பது ஆளுக்குள் இருக்கும் அளவுக்கு அவர் நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்பதே என் அனுபவம். ஆகவே புத்தி சொல்வதற்கு முன், மாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் பிள்ளை எங்கே, யாரோடு, கையில் எவ்வளவு காசோடு இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

தம்பி தங்கைகள் இல்லாத நேரத்தில், அப்பா அம்மா இருவரில் ஒருவர் மட்டும் அவனோடு உட்காருங்கள். ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது. எப்போது, எங்கே, யாரோடு, காசு யார் தந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு நோட்டில் நான்கைந்து நாளுக்கு, ஆசை வரும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், கூட இருந்தவர், அதற்கு முன் செய்த வேலை ஆகியவற்றை அவனே எழுதட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று சந்தர்ப்பங்களே திரும்பத் திரும்ப வரும்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டியூஷன் முடிந்து வரும் வழி, கிரிக்கெட் முடிந்த கையோடு, இரவு கண் விழித்துப் படிக்கும்போது.

ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் மாற்றாக ஒரே ஒரு காரியத்தை முன்கூட்டியே முடிவு செய்து எழுதுங்கள். "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. "டியூஷன் விட்டதும் கடைத்தெரு வழியாக வராமல், கோயில் தெரு வழியாகத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவேன்" என்று எழுதினால் உதவும். இரவுப் படிப்பு காரணம் என்றால் படிப்பை அதிகாலைக்கு மாற்றுங்கள். ஆசை எழும்போது சில நிமிடம் தாங்கினால் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், பொட்டுக்கடலை, சோம்பு, ஏலக்காய் போதும். வாயில் புண் இருந்தால் கிராம்பு வேண்டாம். புகையிலைக்குப் பதில் பாக்குப் பொட்டலம் பரவாயில்லை என்று பலர் வாங்கித் தருகிறார்கள். அது பெரிய தவறு. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறக்க முடியாமல் போகும் நோய்க்கும் பாக்குதான் முக்கியக் காரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் நிக்கோட்டின் சூயிங்கத்தையும் மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்குத் தராதீர்கள்.

நிறுத்தும் நாளாக ஒரு வெள்ளிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுங்கள். கடினமான நேரத்தின் பெரும்பகுதி சனி, ஞாயிறில் வீட்டிலேயே கழியும். தேர்வு வாரம் வேண்டாம். அந்த இரண்டு நாளும் வயிற்றைக் காலியாக விடாதீர்கள். கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள். அது உடம்பின் தவிப்பு. திங்கட்கிழமை வகுப்பில் கவனம் சிதறினால் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

21 நாளில் எந்தப் பழக்கமும் மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி 22ஆம் நாள் கண்காணிப்பைத் தளர்த்திவிடாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் ஒரு புதுப் பழக்கம் தானாக வர எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். பொதுவாக 66 நாள் வந்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. அது உணவு, உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களுக்கான கணக்கு. போதைப்பொருளுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். ஆகவே இந்த அரையாண்டு முழுவதும் கவனமாக இருங்கள். இடையில் ஒருமுறை தவறினால், "எல்லாம் போச்சு" என்று சொல்லாமல், எந்த நேரத்தில் எந்த இடத்தில் தவறியது என்று கேட்டு, நோட்டில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள்.

அப்பாக்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும்: பீடிக்கட்டோ வெற்றிலைப் பையின் புகையிலையோ வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும், பள்ளியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் தடை செய்கிறது. சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, பிள்ளைக்குப் புகையிலை தருபவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எந்தக் கடையில் தருகிறார்கள் என்று தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள்; புகாரைப் பள்ளியின் பெயரில் நாங்கள் கொடுக்கிறோம்.

தானாக வந்து சொல்லும் பிள்ளைக்குப் பள்ளியில் தண்டனை கிடையாது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்ப மாட்டோம். பெயர் வகுப்பாசிரியரையும் என்னையும் தாண்டிப் போகாது. புகையிலையை நிறுத்த வழிகாட்டும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800 11 2356. மனநல ஆலோசனைக்கு 14416.

பிள்ளையின் டைரியிலோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலோ இதைப் பற்றி எழுத வேண்டாம். பள்ளி நாட்களில் மாலை 4.30க்கு மேல் என் அறைக்கு வாருங்கள். காரணம் கேட்காமல் உங்களை உள்ளே விடும்படி காவலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்