மோட்டாரை மாற்றும் முன் காதைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருடத்தில் இரண்டு பருவமழை பார்க்கும் குமரி மாவட்டத்தில், கார் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மழையே கழுவிவிடும் என்ற எண்ணம். தொல்லை தருவது பெருமழையல்ல. மழை ஓய்ந்தபின் முன்னால் போகும் லாரி வாரியிறைக்கும் சேறும், குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் படியும் உப்பும்தான். அதன்மேல் வைப்பரை உலர்வாக ஓட்டினால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் அந்தக் கீறல்களில் சிதறிக் கண்ணைக் கூசவைக்கும்.

"வெள்ளம் (தண்ணீர்) அடிக்கல" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பல கார்களில் தண்ணீரைத் தள்ளும் வாஷர் மோட்டார் நன்றாகவே இருக்கும். ஆனால் முதலில் மாற்றப்படுவது அதுதான்.

வாஷர் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பானட்டைத் திறந்துவைத்து ஒருவர் ஸ்டீயரிங் அருகிலுள்ள வாஷர் லிவரை இழுக்க, இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்கட்டும். 'உய்ங்' என்று சத்தம் வந்தால் மோட்டார் சுற்றுகிறது, கோளாறு தண்ணீர் போகும் வழியில். சத்தமே இல்லையென்றால் கோளாறு கரண்டில், அல்லது மோட்டாரிலேயே. ஐந்து விநாடிக்கு மேல் இழுத்துப் பிடிக்காதீர்கள். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டார் சூடேறிக் கருகும். நிரப்பிய தண்ணீர் முன்பம்பருக்குக் கீழே சொட்டினால் டேங்க் வெடித்திருக்கும், அல்லது மோட்டார் செருகியிருக்கும் ரப்பர் வாஷர் தளர்ந்திருக்கும்.

சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலின் அடியில் டியூபைக் கழற்றி லிவரை இழுத்துப் பாருங்கள். டியூபில் தண்ணீர் வந்தால் அடைப்பு நாசிலில். மெல்லிய தையல் ஊசியால் துளையைப் பெரிதாக்காமல் குத்திவிடலாம். டியூபை மாட்டியபடியே குத்தினால் அழுக்கு உள்ளே போய் மறுநாளே திரும்ப அடைக்கும். ஆகவே கழற்றி, வெளித்துளை வழியாக உள்நோக்கிக் காற்றடிக்க வேண்டும். போர்த் தண்ணீரின் வெள்ளைக் காறை பிடித்திருந்தால் அரைமணி நேரம் வினிகரில் ஊறவைத்தால் இளகும்.

டியூபிலும் தண்ணீர் இல்லையென்றால் அதைப் பின்தொடர்ந்து போங்கள். பானட் கீல் அருகே மடிந்திருக்கலாம், டியூபை இரண்டாகப் பிரிக்கும் டி-ஜாயிண்ட் கழன்றிருக்கலாம். மழைக்காலத்தில் எஞ்சின் பக்கம் குடியேறும் எலி கடித்திருக்கவும் வாய்ப்பு அதிகம். கடித்த இடத்தில் இன்சுலேஷன் டேப் நிற்காது. அந்தத் துண்டை வெட்டியெறிந்து, அதே அளவு ஜாயிண்ட் போட வேண்டும். மீன்தொட்டி டியூப் அவசரத்துக்கு ஆகும், எஞ்சின் சூட்டில் விறைத்துப் போகும். நடுவில் ஒருவழி வால்வு இருந்தால் அதன் அம்புக்குறி நாசிலைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஒரு சொட்டும் வராது.

மோட்டாரின் வாயிலேயே தண்ணீர் இல்லையா? டேங்கைக் காலிசெய்து மோட்டாரை ரப்பரிலிருந்து உருவினால், அடியிலுள்ள சிறு வலையில் கொழகொழவென்று பாசி அடைத்திருக்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம், டேங்கில் நாம் கொட்டும் சோப்புத்தூளும் ஷாம்பூவும்தான். வடிகட்டிய தண்ணீரும், புட்டியில் குறித்திருக்கும் அளவுக்கு வாஷர் திரவமும் போதும்.

சத்தமே இல்லாத வண்டியில் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். எத்தனை ஆம்பியர் என்பது ஃபியூஸ் பெட்டி மூடியில் இருக்கும். அதே ஆம்பியர் போடுங்கள், கம்பி சுற்றாதீர்கள். மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அடுத்தது மோட்டார் கனெக்டர். கடலோர வண்டிகளில் அதன் பின்கள் பச்சை பூத்திருக்கும். சுத்தம்செய்தும் பலனில்லை என்றால், கனெக்டரில் 12 வோல்ட் டெஸ்ட் பல்பை வைத்து லிவரை இழுக்கச் சொல்லுங்கள். பல்பு எரிந்தால் குற்றம் மோட்டாருடையது. எரியாவிட்டால் சுவிட்ச், ரிலே, வயரிங். அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. பின்கண்ணாடிக்கும் தண்ணீர் அடிக்கும் கார்கள் சிலவற்றில் ஒரே மோட்டார்தான், திசை மாறிச் சுற்றி இரண்டுக்கும் அனுப்பும். அத்தகைய வண்டியில் பின்னால் அடித்து முன்னால் வராவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், கழற்றிய மோட்டாரின் உறிஞ்சுவாயை வாளித் தண்ணீரில் வைத்து பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்டு கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வயர், ஒரு நிமிட வேலை.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள்,
தக்கலை.