அரங்கம் வரட்டும், வரைபடத்தில் நாங்களும் இருக்க வேண்டும்

நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் மாநில ஊராட்சித் துறை ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊரின் பழைய தோட்ட நிலத்தில் 10,000 பேர் அமரும் உள்ளரங்கமும், அதைச் சுற்றிப் பேரங்காடி, ஹோட்டல், அடுக்குமாடி வீடுகள், உணவுக்கடைகள் எல்லாம் சேர்ந்த கேளிக்கை வளாகமும் வரப்போவதாக உங்கள் அலுவலகத்தில் வரைபடம் வைத்திருக்கிறீர்கள். போய்ப் பார்த்தேன். நாங்கள் இதை எதிர்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கச்சேரி பார்க்க எங்கள் பிள்ளைகள் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் வரை போய், விடியற்காலையில்தான் வீடு வந்து சேர்கிறார்கள். பக்கத்திலேயே ஓர் அரங்கம் வந்தால் எங்களைவிட யார் மகிழப் போகிறார்கள்?

ஆனால் அந்த வரைபடத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி இல்லை. பள்ளி நிற்கும் இடத்தில் சாம்பல் நிறம் அடித்து 'வாகன நிறுத்துமிடம், இரண்டாம் கட்டம்' என்று எழுதியிருக்கிறது. மாரியம்மன் கோயில் இருக்க வேண்டிய இடத்தில் அலங்கார மரங்கள். லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கும் பகுதி முழுக்க வெள்ளையாக, 'காலி நிலம்' என்ற குறிப்போடு இருக்கிறது. அந்தக் காலி நிலத்தில் இன்று காலையும் அடுப்பு எரிந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டப் போனவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்கள். பால்மரம் என்ற ரப்பர் மரக் காலத்தில் வந்து இன்னும் அதே வீட்டில் இருக்கும் பாட்டிமார்கள் வாசல் கூட்டினார்கள்.

வரைந்தவர் வேண்டுமென்றே விட்டார் என்று நான் நினைக்கவில்லை. நிலப் பட்டாவைப் பார்த்து வரைந்திருப்பார். பட்டாவில் நாங்கள் இல்லை. மலேசியாவில் பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில்தான் நிற்கின்றன. பல தோட்டக் கோயில்களுக்குத் தனிப் பட்டா கிடையாது. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறும்போதெல்லாம் இந்த மூன்றும் ஆட்டம் காண்பது இதனால்தான்.

இந்த நாட்டில் முதல் ஆளாக இதைச் சந்திப்பவர்களும் நாங்கள் இல்லை. 1998 காமன்வெல்த் போட்டிக்காக எழுந்த புக்கிட் ஜாலில் விளையாட்டு நகரம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரங்கங்கள் குறித்த நாளில் தயாராகிவிட்டன. அந்தத் தோட்டத்து மக்களோ தங்களுக்கென்று வீடு கேட்டு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் போராடினார்கள். அரங்கத்துக்கு நாள் குறிக்க முடிந்த நாட்டில் அந்த வீடுகளுக்கும் நாள் குறித்திருக்கலாம்.

வாய்மொழியாக எல்லாம் நல்லபடியாகத்தான் சொல்கிறீர்கள். எங்களுக்கு வேண்டியது எழுத்து. அதற்கு உங்கள் கையில் அதிகாரம் இருக்கிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரிக்கவோ விற்கவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். பிறகு 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி 'கெபெனாரான் மெரன்சாங்' என்ற திட்ட அனுமதி. இந்த மூன்று வாசலிலும் நிபந்தனை போடலாம். பள்ளிக்கு இத்தனை ஏக்கர் தனிப் பட்டாவோடு, கோயிலுக்கு இந்த இடம், லயத்துக் குடும்பங்களுக்கு மண் வேலை தொடங்குமுன் கட்டி முடித்த வீடு என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள். அனுமதி கொடுத்த பிறகு நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? 1965-இல் நிறுத்திவைத்த ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்ப வரவில்லை. நகராண்மைக் கழகத்தில் இருக்கும் நீங்கள் நியமனத்தில் வந்தவர்கள். ஓட்டுப் போட்டு எங்கள் கருத்தைச் சொல்ல வழியில்லாததால்தான் இந்த மடல்.

உலகில் யாரும் செய்யாததைக் கேட்கவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1999-இல் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் என்ற உள்ளரங்கம் திறந்தது. அதையொட்டி ஹோட்டல், திரையரங்கு, வீடுகள் கொண்ட வளாகத்துக்கு மேம்பாட்டாளர் திட்டம் போட்டபோது, சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு இருந்த ஏழைக் குடும்பங்களும் தொழிற்சங்கங்களும் ஒன்று சேர்ந்தன. 2001 மே மாதம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். வேலைகளில் 70 விழுக்காடு வாழ்வுக்குப் போதுமான சம்பளத்தோடு இருக்க வேண்டும் என்ற இலக்கு, வீடுகளில் 20 விழுக்காடு மலிவு விலையில், பூங்காவுக்கும் விளையாட்டு இடத்துக்கும் 10 லட்சம் டாலர், குடியிருப்புத் தெருக்களில் வெளியார் வண்டி நிறுத்தாதபடி தனி அனுமதி முறை. இதெல்லாம் அதில் உண்டு. வளாகமும் எழுந்தது. மக்களுக்கு எழுதிக் கொடுத்ததால் யாரும் திட்டத்தைக் கைவிட்டு ஓடவில்லை.

வண்டி விஷயம் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 10,000 பேர் வந்தால், ஒரு காருக்கு இரண்டரை பேர் என்று வைத்தாலும் 4,000 கார். வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் என்றால் 10 ஹெக்டர், கிட்டத்தட்ட 25 ஏக்கர். பள்ளியின் மேல் சாம்பல் நிறம் ஏன் விழுந்தது என்பது இந்தக் கணக்கில்தான் புரிந்தது. நம் தோட்டச் சாலை போக ஒரு தடம், வர ஒரு தடம். மணிக்கு 1,500 கார் என்று தாராளமாக வைத்தாலும், நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் வெளியேற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் லயத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்? ரயில் நிலையத்திலிருந்து பேருந்து விட்டால் கார் குறையும், கார் குறைந்தால் நிறுத்துமிடம் சுருங்கும், பள்ளியும் தப்பும். முதலில் பேருந்துக்கு வழி பாருங்கள்.

அரங்கம் ஆண்டு முழுக்க நிறைந்திருக்காது. கச்சேரி இல்லாத நாளில் அது பூட்டிக் கிடந்தால் சுற்றியிருக்கும் கடைகளும் ஈ ஓட்டும். இருக்கைகளை உள்ளிழுத்து மடக்கும் வகையில் அமைத்தால், வார நாட்களில் அதே தளத்தில் பூப்பந்து, கபடி, சிலம்பப் பயிற்சி நடத்தலாம். பக்கத்தில் 800 பேர் அமரும் ஒரு சிறு மண்டபம் சேருங்கள். இங்கே கல்யாணத்துக்கு மண்டபம் தேடி எத்தனை குடும்பங்கள் பக்கத்து ஊருக்குப் போகின்றன என்று விசாரித்துப் பாருங்கள், அந்த மண்டபம் காலியாகவே இருக்காது. பராமரிப்புச் செலவு யார் தலையில் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். 1994-இல் திறந்த ஷா ஆலம் அரங்கம் பழுதாகி, 2024-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அப்படி ஒரு செலவு நாளைக்கு எங்கள் மதிப்பீட்டு வரியில் வந்து விழக் கூடாது.

தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடிய பழைய பிரட்டுக் களத்தின் ஓரத்தில் ஓர் அக்கா தோசைக் கடை போட்டிருக்கிறார். தகரக் கூரை, இரண்டு மேசை, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய விலைப் பட்டியல். வளாகத்தில் கடை எடுக்க முன்பணம் எவ்வளவு என்று என்னிடம்தான் கேட்டார். உள்ளூர்ச் சிறு வியாபாரிகளுக்கென்று குறைந்த வாடகையில் எத்தனை கடைகள் ஒதுக்குவீர்கள் என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்கு நான் பதில் சொல்ல முடியும்.

திட்டம் பற்றிய விளக்கக் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் செம்பனைக் காட்டிலும் தொழிற்சாலையிலும் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்குமேல், எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், மலாயிலும் தமிழிலும் நடத்துங்கள். திருத்திய வரைபடத்தை ஒரு வாரம் முன்னதாகப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நாற்காலி போடுவதும் தேநீர் கலப்பதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஊர்வாசி