வாடகை மட்டுமல்ல, லீஸும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் டார்மை (கல்லூரி விடுதியை) விட்டு வெளியே அபார்ட்மெண்ட் எடுப்பதைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். வெளியே போனால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கணக்கு சரி, ஆனால் மாத வாடகையோடு நின்றுவிட்டது. என் மகள் இந்த ஆண்டு டார்மிலிருந்து கிளம்புவதால் சில லீஸ்களை, அதாவது வாடகை ஒப்பந்தங்களை, வரி விடாமல் படித்தேன். வாடகையைவிட அந்தக் காகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

டார்முக்குப் பெரும்பாலும் 9 மாதப் படிப்புக் காலத்துக்குத்தான் பணம். அபார்ட்மெண்ட் லீஸ் பொதுவாக 12 மாதம். மே மாதம் வகுப்பு முடிந்து பிள்ளை இன்டர்ன்ஷிப்புக்குப் போய்விட்டாலும் ஜூன், ஜூலை வாடகை ஓடும். சப்லீஸ் விடலாமே, அதாவது அந்த மாதங்களுக்கு வேறொருவருக்கு வாடகைக்கு விடலாமே என்பார்கள். லீஸ் அதற்கு இடம் கொடுத்தாலும், ஊரிலுள்ள மாணவர்கள் எல்லாரும் அதே கோடையில் ஆள் தேடும்போது யார் முழு வாடகைக்கு வருவார்கள்?

இதைவிடப் பெரியது, லீஸ் யார் பேரில் என்பது. 4 பேர் சேர்ந்து ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டால், வழக்கமாக முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒருவர் படிப்பை நிறுத்திவிட்டுக் கிளம்பினால் அவர் பங்கை மற்ற மூவரிடம் வீட்டுக்காரர் கேட்கலாம். "என் கால் பங்கைக் கட்டிவிட்டேனே" என்பது எடுபடாது. மாணவர்களுக்கென்றே கட்டிய வளாகங்கள் பலவற்றில் ஆளுக்கொரு லீஸ். அங்கே ரூம்மேட் போனாலும் அந்த வாடகை உங்கள் தலையில் விழாது. பதிலுக்கு, காலியான அறைக்கு யாரைக் கொண்டுவருவார்கள் என்பது நிர்வாகத்தின் இஷ்டம். எனக்கு இரண்டாவதே மேல். தெரியாதவரோடு சமையலறையைப் பகிர்ந்துகொண்டு சமாளித்துவிடலாம். நண்பன் விட்டுப்போன வாடகையைக் கட்டிக்கொண்டு நண்பனாகவே இருப்பது கஷ்டம்.

அப்புறம் கோ-சைன். மாணவருக்கு வருமானம் இல்லாததால், வாடகையைப் போல மூன்று மடங்காவது சம்பாதிக்கும் ஒருவர் ஜாமீன் நிற்கவேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். அவருக்கு இங்கே கிரெடிட்டும் (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவும்) இருக்கவேண்டும். இந்தியாவில் இருக்கும் அப்பா, அம்மா எவ்வளவு சம்பாதித்தாலும் அது பெரும்பாலும் உதவாது. அதனால்தான் படிக்க வந்த பிள்ளைகள் இங்குள்ள சித்தப்பாவையோ அப்பாவின் பழைய நண்பரையோ தேடிப் போகிறார்கள். தாராளமாக உதவட்டும். ஆனால் ஜாமீன் அந்தப் பிள்ளையின் பங்குக்கு மட்டுமா, முழு லீஸுக்குமா என்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. முழு லீஸுக்கும் என்று இருந்தால், முகமே பார்த்திராத மூன்று பேரின் வாடகைக்கும் சித்தப்பாதான் பதில் சொல்லவேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

டெபாசிட் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் சொல்லியிருக்கலாம். கலிபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு மாத வாடகைதான் உச்சவரம்பு. காலி செய்த 21 நாளுக்குள் வீட்டுக்காரர் டெபாசிட் கணக்கைத் தீர்க்கவேண்டும். நியூயார்க்கில் 14 நாள். டெக்சாஸில் 30 நாள், அதுவும் புது முகவரியை எழுத்தில் கொடுத்திருந்தால்தான்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் வீடு மாறிய 10 நாளுக்குள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் புது முகவரியைத் தெரிவிக்கவேண்டும். வீடு மாறும் அமளியில் இது எளிதாக மறந்துபோகும். அமளி என்று சும்மா சொல்லவில்லை. விஸ்கான்சினின் மேடிசன் நகரில் மாணவர் லீஸ்கள் பலவும் ஆகஸ்ட் 14 அன்று முடிந்து 15 அன்றுதான் தொடங்குகின்றன. நடுவில் ஒரு ராத்திரி கட்டிலும் மெத்தையுமாக எங்கே போய் நிற்பது என்பது லீஸ் எழுதியவர்களின் கவலை இல்லை போலும்.

கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. லீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ படித்து விளக்குவார்கள். கையெழுத்துப் போட்டபிறகு போனால் அவர்களாலும் அதிகம் செய்யமுடியாது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா